டெக்சாஸ் பார்பிக்யூ கடைக்கு முதல்முறை போகிறீர்களா?

ஆஸ்டினுக்கோ டாலஸுக்கோ ஹூஸ்டனுக்கோ வேலை மாறி வருகிற நம்மாட்களை முதல் இரண்டு மாதத்துக்குள் அலுவலக நண்பர் யாராவது பார்பிக்யூ (விறகுப் புகையில் மணிக்கணக்கில் வேகவைத்த கறி) சாப்பிடக் கிளப்பிவிடுவார். போய்விட்டு வந்து பாதிப்பேர் சொல்வது இதுதான்: "மூணு மணி நேரம் வரிசையில நின்னோம், தட்டுகூட இல்ல, காகிதத்துல வெச்சுக் கொடுத்தாங்க, நூறு டாலருக்கு மேல ஆச்சு, கறியில உப்பும் மிளகும் தவிர ஒண்ணுமே இல்ல." கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் சொல்கிற அத்தனையும் உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, அது தெரிந்து போயிருந்தால் அதே கறி வேறு மாதிரி ருசித்திருக்கும்.

மத்திய டெக்சாஸின் பழைய பார்பிக்யூ கடைகள் கறிக்கடைகளாகத் தொடங்கியவை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதியிலிருந்தும் வந்து குடியேறியவர்களில் கறி வெட்டும் தொழில் தெரிந்தவர்கள் இந்தச் சிற்றூர்களில் கடை போட்டார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலம், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் ஏற்றினார்கள், துண்டு துணுக்குகளை அரைத்துக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்கும் பருவத்தில் ஊர் ஊராக வந்த கூலித் தொழிலாளர்கள், அவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும் நிறைய, அந்தக் கறியை எடை போட்டு வாங்கி, பொட்டலம் கட்டிய காகிதத்தையே விரித்து, கடையில் கிடைத்த பிஸ்கட்டும் ஊறுகாயும் பச்சை வெங்காயமும் வைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிட்டார்கள். எடைக்கணக்கு, காகிதம், பக்கத்தில் வெங்காயம், தீர்ந்தால் கடை மூடுவது எல்லாம் அங்கிருந்து வந்த வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வாசலில் நின்று "நெஞ்செலும்பு சேர்த்துப் போடுங்கண்ணே, கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிப் பழகியவருக்கு இந்தக் கடைகளில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

எந்தக் கடை, எந்த நாள்

முதல்முறை என்றால் நான் லாக்ஹார்ட்டுக்குத்தான் அனுப்புவேன். ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 30 மைல், டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர் என்று மாநிலச் சட்டமன்றமே அறிவித்த சிறிய ஊர். கிரைட்ஸ் மார்க்கெட் (எழுத்துக்கூட்டிப் படித்து குரூஸ் என்று சொல்லிவிடாதீர்கள்) 1900இல் தொடங்கியது, பிளாக்ஸ் 1932இல். இரண்டும் பெரிய கூடங்கள். வார நாளில் போனால் வரிசையும் அதிகம் இருக்காது.

அதே ஊரில் ஸ்மிட்டிஸ் என்று ஒன்று இருக்கிறது. கிரைட்ஸ் முதலில் இருந்த பழைய கட்டடம் அதுதான். 1999இல் குடும்பத்துக்குள் ஏற்பட்ட பிரிவில் கட்டடம் ஒருவருக்கும் கடைப்பெயர் இன்னொருவருக்கும் போனது. பெயரை எடுத்துக்கொண்டு புது இடத்துக்குப் போனவர் பழைய அடுப்பின் கங்கை ஒரு தகரத் தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துக்கொண்டுபோய்ப் புது அடுப்பை மூட்டினார். ஸ்மிட்டிஸில் பின்பக்கமாக, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நுழையுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். சுவரெல்லாம் கரி ஏறி எருமைத்தோல் நிறத்தில் இருக்கும், செங்கல் அடுப்பின் வாயில் தரையிலேயே ஓக் கட்டைகள் எரிந்துகொண்டிருக்கும், நடுவே தடுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, வரிசையில் நிற்கும் உங்கள் முழங்காலில் அனல் அடிக்கும். குழந்தைகளை அழைத்துப் போனால் அந்த இடத்தில் கையை விடாதீர்கள். கறிக்காக இல்லாவிட்டாலும் அந்த அறைக்காகவாவது ஒருமுறை போக வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

டெய்லர் என்ற ஊரில் லூயி மியூலர் கடை 1949இல் தொடங்கியது, 1959 முதல் இப்போதுள்ள கட்டடத்தில் நடக்கிறது. மாட்டு விலா எலும்பு சாப்பிட வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஆஸ்டினுக்குக் கிழக்கே லெக்சிங்டனில் இருக்கும் ஸ்னோஸ் சனிக்கிழமை மட்டும், காலை 8 மணிக்குத் திறக்கும். காலை எட்டு மணிக்கு யார் கறி சாப்பிடுவார்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு முன்பே அங்கே கூட்டம் நிற்கும். அந்தக் கடையின் பெயரை நாடு முழுக்கத் தெரியவைத்த டூட்ஸி டோமனெட்ஸ் அம்மா 1935இல் பிறந்தவர், வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை விடியுமுன் மண்வெட்டியால் கங்கு அள்ளிப் போட்டு அடுப்பைக் காத்தவர். ஆஸ்டின் நகருக்குள்ளேயே வேண்டுமென்றால் ஃபிராங்க்ளின் இருக்கிறது. 2009இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது, இன்று நாட்டிலேயே நீளமான வரிசைகளில் ஒன்று அங்கேதான். டெக்சாஸ் மன்த்லி இதழ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 50 சிறந்த கடைகளைப் பட்டியல் போடுகிறது, 2024இல் உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லின் நிறுவனம் டெக்சாஸில் நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. இந்தப் பட்டியல்கள் நல்லவைதான், ஆனால் பட்டியலில் ஏறிய வாரத்தில் அந்தக் கடைக்குப் போவது திருவிழா நாளில் கோயிலுக்குப் போவது மாதிரி, சாமியைப் பார்ப்பதைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

கிளம்புமுன் கடையின் இணையப் பக்கத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். எந்தெந்த நாள் திறப்பு, இன்றைக்கு எதுவும் தீர்ந்துவிட்டதா. பல கடைகள் திங்கள்கிழமை விடுமுறை, சில கடைகள் வாரத்தில் மூன்று நாலு நாள்தான். கடை மூடும் நேரம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி ஒரு சிறிய ஊர்க் கடைக்குப் போனோம். மணி ஒன்றரை. கதவில் தீர்ந்துவிட்டது என்ற பலகை தொங்கியது. உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், வாசல் வரை வாசனை வந்தது, அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, சனிக்கிழமை கூட்டம் வரும் என்று தெரியாதா, கூட நாலு வைத்தால் என்ன என்று. அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பிறகு தெரிந்தபோதுதான் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று புரிந்தது.

அடுப்பில் நடப்பது

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப்பகுதி. நாள் முழுக்க அந்தப் பெரிய உடம்பைத் தாங்கும் தசை, அதனால் நார் நாராக, கெட்டியாக இருக்கும், நம் ஊர்க் குக்கரில் வைத்தாலும் விசில் எண்ணி அலுத்துவிடும். முழுதாக ஒன்று ஐந்து ஆறு கிலோ வரும். அதன்மேல் உப்பும் கரகரப்பாகப் பொடித்த மிளகும் தடவி, அடுப்பின் ஒரு கோடியில் நெருப்பும் மறு கோடியில் கறியுமாக வைத்து, சுமார் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில், 12 மணி நேரம், சில கடைகளில் அதற்கும் மேலே வைத்திருப்பார்கள். நெருப்பு கறியைத் தொடாது, புகையும் சூடான காற்றும்தான் அதைக் கடந்து புகைபோக்கி வழியாக வெளியேறும். விறகு பெரும்பாலும் போஸ்ட் ஓக், நன்றாகக் காய்ந்தது. புகை வெள்ளையாகக் குபுகுபு என்று வந்தால் கறி கசந்துவிடும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வர வேண்டும். அதற்காக ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்து கட்டை போட்டுக்கொண்டே இருப்பார்.

பாதி வழியில் கறியின் உள்சூடு 70 டிகிரிக்கு அருகே வந்ததும் அப்படியே நின்றுவிடும், மணிக்கணக்கில் ஏறாது. உள்ளிருந்து வரும் ஈரம் மேலே ஆவியாகிக் கறியைக் குளிரவைப்பதுதான் காரணம், மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரியே. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் வறண்டுவிடும், காத்திருந்தால் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பகுதி உருகிப் பசையாக மாறும், ஆட்டுக்கால் பாயா ஆறினால் கையில் ஒட்டுமே, அந்தப் பொருள்தான். 95 டிகிரியைத் தாண்டும் நேரத்தில்தான் கறி பதமாகும், இறக்கிய பிறகும் சில மணி நேரம் ஆறவைக்க வேண்டும். ஆக, மதியம் ஒரு மணிக்குத் தீர்ந்துபோன பிரிஸ்கெட்டுக்குப் பதில் இன்னொன்று வேண்டுமென்றால் அது முந்தின நாளே அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். நாளைக்கு வைத்து விற்கவும் நல்ல கடைக்காரருக்கு மனசு வராது. அதனால் அவர்கள் அளவாகத்தான் போடுவார்கள், தீர்வதுதான் கணக்கு.

இன்னொன்று, துண்டைக் கையில் வாங்கியதும் மேல் ஓரத்துக்குக் கீழே ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். வேகவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பச்சைக்கறி இல்லை. விறகுப் புகையிலிருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் சிவப்புச் சத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை அப்படியே பிடித்து வைத்துவிடுகிறது. வெளியே கறுப்பாக இருப்பதும் தீய்ந்தது இல்லை, மிளகும் கொழுப்பும் புகையும் சேர்ந்து கட்டிய தோல், பார்க் என்பார்கள். எனக்கு அதுதான் உயிர்.

வரிசையில்

பெரிய பெயரெடுத்த கடை என்றால் திறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், வார இறுதியில் அதற்கும் முன்னால். மற்ற கடைகளுக்குத் திறக்கும் நேரத்தில் போய் நின்றால் போதும். காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெறும் வயிற்றில் போகாதீர்கள், டெக்சாஸ் வெயிலில் தலை சுற்றும். தண்ணீர், தொப்பி, மடக்கு நாற்காலி எடுத்துப் போகலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள், முன்னால் நிற்பவர் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார், பேச்சுக் கொடுத்தால் எந்தக் கடையில் எது நல்லது என்று அரை மணி நேரம் சொல்லுவார். நான் இந்த ஊர்க்காரர்களோடு முதலில் மனம் விட்டுப் பேசியது அலுவலகத்தில் இல்லை, இந்த வரிசைகளில்தான்.

ஒருவர் நின்றுகொண்டு பின்னால் எட்டுப் பேரைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். சில கடைகளில் ஓர் ஊழியர் வரிசையோடு நடந்து வந்து யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகக் கேட்டுக்கொண்டே போவார், கறி எந்த ஆளோடு தீரும் என்று கணக்குப் பார்ப்பதற்காக. நீங்கள் நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேருக்கு வாங்கினால் கடைசியில் நிற்கும் யாரோ ஒருவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். நிறையப் பேருக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்து எடுத்துக்கொள்ளும் வசதி பல கடைகளில் உண்டு.

சேலையோ பட்டு வேட்டியோ வேண்டாம். புகை வாசனை தலைமுடி வரை ஏறி இரண்டு நாள் இருக்கும்.

கறி வெட்டுபவர் முன்னால்

எல்லாமே இங்கேதான் முடிவாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மெனு பலகையில் எல்லாம் பவுண்டுக் கணக்கு, ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். உங்கள் முறை வந்ததும் கட்டைப் பலகைக்குப் பின்னால் நீளக் கத்தியோடு நிற்பவர் எத்தனை பேர் என்று கேட்பார். அவர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள். கடை எவ்வளவு பெரியதானாலும், அவரிடம் நாலு வார்த்தை பேசினால் வரும் கறியும் பேசாமல் வரும் கறியும் ஒன்றாக இருக்காது, நம் ஊர்க் கறிக்கடை மாதிரியேதான்.

பிரிஸ்கெட் கேட்டதும் அடுத்த கேள்வி: "மாய்ஸ்ட் ஆர் லீன்?" நெஞ்சுப்பகுதியில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றன. மெல்லியது, கொழுப்பு குறைந்தது லீன். பருத்தது, கொழுப்பு ஊடும்பாவுமாக ஓடுவது மாய்ஸ்ட், சில கடைகளில் ஃபேட்டி என்பார்கள். முதல்முறை மாய்ஸ்ட்தான் வாங்க வேண்டும். டாக்டர் கொழுப்பு ஆகாது என்று சொல்லியிருந்தால் லீனில் கொழுப்பு ஓரத்தோடு இரண்டு துண்டு கேளுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், கொழுப்பையெல்லாம் வழித்துவிட்டுத் தரச் சொல்வது மட்டும் வேண்டாம், பதினைந்து மணி நேர வேலையின் பலன் அதில்தான் இருக்கிறது.

அவர் வெட்டுவதைக் கவனியுங்கள். பொட்டலம் பிரித்து பிரிஸ்கெட்டைப் பலகையில் வைத்ததும் அது தட்டிவிட்ட ஜெல்லி மாதிரி ஒருமுறை அசையும். பருத்தி உறைக்குமேல் ரப்பர் உறை போட்ட இடது கையால் மெல்ல அழுத்திப் பிடிப்பார், கறுப்புத் தோலின் வெடிப்புகளில் நெய் முத்து முத்தாக வந்து நிற்கும். கத்தி இரண்டு இழுப்பில் இறங்கிவிடும், குத்தி அறுக்க மாட்டார். விழுந்த துண்டை விரல்மேல் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும், ஆனால் பிய்ந்து விழாது. இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் அப்போது பிரியும். அதுதான் பதம். தொங்கும்போதே பிய்ந்து விழுந்தால் வெந்து குழைந்துவிட்டது, இழுத்தும் பிரியாவிட்டால் இன்னும் வேக வேண்டும். சில கடைகளில் வெட்டும்போதே ஒரு சிறிய முனைத்துண்டை நீட்டுவார்கள், நன்றி சொல்லி வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை.

எவ்வளவு வாங்குவது? பெரியவர் ஒருவருக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரைப் பவுண்டு. நாலு பேர் போனால், வீட்டுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் மிச்சம் வரும்படி, நான் வாங்குவது இப்படி இருக்கும்: மாய்ஸ்ட் பிரிஸ்கெட் ஒரு பவுண்டு, பன்றி விலா ஒரு பவுண்டு, வான்கோழி நெஞ்சு அரைப் பவுண்டு, சாசேஜ் இரண்டு. பிரிஸ்கெட் விலை இப்போது பல கடைகளில் பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டிவிட்டது, ஆகவே இதெல்லாம் சேர்ந்து நூறு டாலருக்கு முன்னே பின்னே வரும். கணக்குத் தெரியாவிட்டால் பவுண்டே சொல்ல வேண்டாம், "மூன்று துண்டு போதும்" என்று சொன்னால் அவரே வெட்டி எடை போடுவார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள், ஒன்றை வெட்டி முடித்து அவர் நிமிர்ந்து பார்க்கும்போது அடுத்ததைச் சொல்லுங்கள்.

மாட்டு விலா எலும்பைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. ஒரே எலும்பு ஒரு பவுண்டுக்கு மேல் இருக்கும், எலும்பின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு, ஒன்றே 40 டாலர் ஆகிவிடலாம். மூன்று பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிற பொருள் அது. வெட்டுமுன் "இது எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

சாசேஜ் எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கும், லிங்க் என்று கேளுங்கள். எல்ஜின் என்ற ஊரில் 1882இல் தொடங்கிய சவுத்சைட் மார்க்கெட் இதற்குப் பேர்போனது. காரம் வேண்டுமென்றால் ஹலபேன்யோ மிளகாய் போட்டதை வாங்குங்கள். நம் நாக்குக்கு அது காரமே இல்லை, ஆனாலும் நன்றாக இருக்கும்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்கள்

நம்மவர்கள் குழுவில் இப்படி ஒருவராவது இருப்பார், முதலிலேயே யோசித்துவிட வேண்டும். மாடு வேண்டாம் என்பவருக்கு வான்கோழி நெஞ்சு இருக்கிறது, நல்ல கடையில் அது பிரிஸ்கெட்டுக்கு இளைத்தது இல்லை, மிளகுக் காரத்தோடு பஞ்சு மாதிரி இருக்கும். கோழியும் பல இடங்களில் உண்டு. ஆனால் எல்லாக் கறியும் ஒரே பலகையில், பெரும்பாலும் ஒரே கத்தியால் வெட்டப்படுகிறது. பலகையைத் துடைத்துவிட்டு வேறு கத்தியில் வெட்டித் தர முடியுமா என்று கேட்டால் சில இடங்களில் செய்வார்கள், கூட்ட நேரத்தில் எதிர்பார்க்க முடியாது. அது ஒத்துவராது என்பவர்களை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பழைய கடைகள் பொதுவாகச் சரிப்படாது. சாசேஜ் மாட்டுக்கறி என்று எழுதியிருந்தாலும் மேல்தோல் பன்றிக் குடலாக இருக்கலாம், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவக்காரர்களுக்கு நேர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒரு கடையில் எங்களோடு வந்த சைவத் தோழி பீன்ஸ் ஒரு கிண்ணம் வாங்கிப் பாதி சாப்பிட்ட பிறகு கரண்டியில் ஒரு கறித்துணுக்கு வந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார், திரும்பி வரும் வழி முழுக்க யாரும் பேசவில்லை. முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியது அழைத்துப் போன நான்தான். இந்தக் கடைகளில் பீன்ஸ் என்றாலே பேக்கனோ (பன்றிக்கறி) பிரிஸ்கெட் துண்டோ போட்டு வேகவைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம், பச்சை பீன்ஸிலும் அப்படித்தான். உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை, முட்டைக்கோஸ் சாலட்டில் மயோனைஸ் இருக்கும். மேக் அண்ட் சீஸ் பொதுவாகத் தேவலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கறிப்புகை மண்டிய கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட வேண்டியிருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, அவர்களாக வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள்.

சாப்பிடும்போது

கறியைக் காகிதத்தில் வைத்து டிரேயில் ஏற்றித் தருவார்கள். வெள்ளை ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி இவை பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். நீள மேசை, பக்கத்தில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருப்பார், பந்தி மாதிரிதான், ஒரு தலையசைப்புப் போதும். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள், ஏனென்றால் கையால்தான் சாப்பிடப் போகிறீர்கள். கிரைட்ஸில் நீண்ட காலம் முள்கரண்டியும் கிடையாது, சாஸும் கிடையாது. நமக்கு அதில் என்ன கஷ்டம்?

பிரிஸ்கெட்டை முதலில் சாப்பிடுங்கள், ஆற ஆறக் கொழுப்பு உறைந்து ருசி இறங்கிக்கொண்டே போகும். முதல் வாயை ஒன்றும் தொடாமல், ரொட்டிகூட இல்லாமல் வைத்துப் பாருங்கள். முதலில் மிளகு, அப்புறம் உப்பு, கொழுப்பு கரைந்த பிறகு கடைசியில் மெல்லிசாகப் புகை, ஊரில் விறகடுப்பில் வைத்த குழம்பின் ஓரத்தில் வருமே அந்த வாசனைக்குத் தூரத்துச் சொந்தம். மசாலா இல்லையே என்று தேடாதீர்கள். நம் கறியில் மசாலா செய்கிற வேலையை இங்கே நெருப்பும் நேரமும் செய்திருக்கின்றன. இரண்டாம் வாய்க்கு ரொட்டியில் ஒரு துண்டு கறி, இரண்டு வெங்காயம், ஓர் ஊறுகாய்த் துண்டு வைத்து மடியுங்கள், கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும். சாஸ் அதற்கு அப்புறம், தொட்டுக்கொள்ளும் அளவுக்கு, ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம்.

சாசேஜைக் கடிக்கும்போது சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் டப்பென்று வெடித்து நெய் தெறிக்கும். பன்றி விலா எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், கடித்த இடத்தில் மட்டும் கறி வந்து பல் பதிந்த தடம் எலும்பில் தெரிந்தால் சரியான பதம். கடைசியில் வாழைப்பழப் புட்டிங் இருந்தால் ஒன்று வாங்கி ரெண்டு பேர் சாப்பிடுங்கள்.

கூட்டம் குறைந்த நேரமாக இருந்தால், அடுப்பைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். எவ்வளவு நேரமாக வேகிறது, என்ன விறகு, இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பாருங்கள். அடுப்பு மூடியை நீங்களாகத் தொட வேண்டாம், அவர்கள் காத்து வைத்திருக்கும் சூடு ஒரு நொடியில் போய்விடும். பணம் செலுத்தும் திரையில் டிப்ஸ் கேட்டால் போடுங்கள், வெட்டிக் கொடுத்தவருக்கும் இரவெல்லாம் விழித்தவருக்கும் அதில் பங்கு போகலாம்.

மிச்சத்தைக் கொண்டுபோக

மிச்சம் வரும், வரட்டும் என்றே கொஞ்சம் கூட வாங்குங்கள். அந்தக் காகிதத்திலேயே மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியில் போட்டுவிட்டு ஊர் சுற்றாமல் இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் சுடவைத்தால் கறி ரப்பராகிவிடும். அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, ஓவனில் 120 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பழைய பதத்துக்குப் பக்கத்தில் வரும். எங்கள் வீட்டில் அதைவிடச் சுலபமாக ஒன்று செய்வோம். சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் கறியிலிருந்து வழிந்து உறைந்த கொழுப்பிலேயே வதக்கி, பிரிஸ்கெட்டை விரல்கடை அளவுக்கு நறுக்கிப் போட்டு, ரெண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிடுவோம். உப்பும் மிளகும் சேர்க்க வேண்டாம், கறியிலேயே இருக்கிறது. பரோட்டா இருந்தால் பரோட்டா, இல்லாவிட்டால் சுடுசோறும் ரசமும்.